கொடியில் விழுந்த குருட்டு முடிச்சு

புங்கனஅள்ளி மாதா கோயிலில் ஆகஸ்ட் பதினைந்து என்றால் ஒரே நாளில் இரண்டு திருநாள். மாதா விண்ணேற்புத் திருவிழாவும் அன்றுதான், சுதந்திர தினமும் அன்றுதான். காலையில் திருப்பலி, அது முடிந்ததும் கோயில் வாசலில் தேசியக் கொடி, கொடி ஏறியதும் சர்க்கரைப் பொங்கல், சாயங்காலம் தேர் பவனி. ஹவில்தார் சூசைமாணிக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய வருஷத்திலிருந்து அந்தக் கொடியை ஏற்றி வருபவர் அவர்தான். யாரும் உத்தரவு போட்டுக் கொடுத்த பதவி இல்லை. ஊரில் விறைப்பாக நிற்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் கயிறு தானாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

இந்த வருஷம் கயிறு கை மாறிவிட்டது. போன ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் அமலதாஸ் அறிவித்த அறிவிப்பில்தான் சென்ற வாரம் நிறுத்தினோம். பக்கத்து வீட்டு மாதப்பனின் மகன் ராஜா எல்லையில் காவல் நிற்கிறான், ஆகவே இந்த முறை அந்தத் தகப்பன் கையால் கொடி ஏறட்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். கோயிலே கை தட்டியது. சூசைமாணிக்கமும் தட்டினார், கொசு அடிக்கிற மாதிரி ஒரே ஒரு தட்டு.

மாதப்பன் தக்காளி விவசாயி, வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். இவரைவிட நாலைந்து வயது இளையவர், 'மிலிட்டரிண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். எல்லாம் மே மாதத்தோடு முடிந்தது. அவர் தக்காளிக்கு அடித்த பூச்சி மருந்து காற்றில் வந்து சூசைமாணிக்கத்தின் மல்பெரித் தழையில் படிந்துவிட்டது. அந்தத் தழையைத் தின்ற பட்டுப்புழுக்கள், கூடு கட்டவேண்டிய சமயத்தில், தட்டு தட்டாகச் செத்துப்போயின.

புங்கனஅள்ளி இருக்கிற கடத்தூர் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துக் காட்டில் புழு வளர்க்கிறவர் இருந்தால், மருந்து அடிக்கிறவர் முதல் நாளே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவர் தழையை அறுத்து உள்ளே வைத்துக்கொள்வார், இவர் நிம்மதியாக அடிப்பார். மாதப்பன் சொல்லாமல் அடித்துவிட்டார் என்பது சூசைமாணிக்கத்தின் வழக்கு. நடுத்தெருவில் நின்று, பரேடு மைதானத்துக்குக் கேட்கிற குரலில், அவர் அந்த வழக்கை நடத்தித் தீர்ப்பும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாதப்பன் இரண்டு தரம் பேச வந்தார். இரண்டு தரமும் இவர் குதிகாலில் திரும்பி நடந்துவிட்டார்.

ஆக, நிலவரம் இதுதான். சூசைமாணிக்கத்துக்குச் சாமியை நேசிப்பதில் சிரமமே இல்லை. ஒரு நாள்கூட ஜெபமாலை சொல்லாமல் அவர் படுத்ததில்லை. நாட்டை நேசிப்பதிலும் சிரமம் இல்லை. டிவியில் தேசிய கீதம் வந்தால் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார், வீட்டில் இருப்பவர்களையும் நிற்க வைப்பார். பிறரை நேசிப்பதில்கூடக் குறை வைக்கவில்லை. அஸ்ஸாமில் வெள்ளம் என்றால் முதல் ஆளாகக் கம்பளி கொடுப்பார். தூரத்துப் பிறரிடம் அவருக்கு ஒரு தகராறும் வந்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பிறர்தான் தொண்டையில் மீன் முள்ளாக நின்றார்.

அன்று காலை பதக்கங்கள் தைத்த கோட்டை அவர் மாட்டிக்கொண்டிருந்தபோது பிலோமினா வந்து நின்றாள். அவள் மனக்குறை அவளுக்கு. மாதப்பனின் மனைவி பாஞ்சாலிக்கும் அவளுக்கும் இருபது வருஷத்துச் சிநேகிதம். புருஷன் போட்ட தடையுத்தரவால் இந்த மூன்று மாதமாக இருவரும் நேராகப் பேசுவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி ஆட்டைத் திட்டுவாள், அந்தப் பக்கம் மற்றவள் கோழியைத் திட்டுவாள். அந்தத் திட்டுக்குள்ளேயே கொத்தமல்லி இருக்கிறதா, மூட்டு வலி எப்படி என்பதெல்லாம் போய் வந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கு மூட்டு வலி வருமா என்று சூசைமாணிக்கம் யோசித்ததே இல்லை.

"ஏங்க, இன்னைக்காவது அவருகிட்ட ஒரு வார்த்த பேசிடுங்க. மாதா திருநா" என்றாள்.

"சாமிக்குப் பண்ண வேண்டியத பண்ணிக்கிட்டிருக்கறேன். நாட்டுக்குப் பண்ண வேண்டியத பண்ணி முடிச்சிட்டேன். அந்த ஆளுக்கு நான் என்ன பண்ணணும்?"

"சாமிய நேசி, பிறர நேசின்னு ரெண்டே ரெண்டு கட்டளைதான் முக்கியம்னு சாமியே சொல்லியிருக்காரு. அதுல ஒண்ண வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வெச்சிட்டாரு. அதுக்கு நான் என்னங்க பண்றது?"

மகள் அன்பரசி உள்ளே சிரித்துவிட்டு, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டாள். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவள் அவள். கொடிக்குள் வைக்கச் சாமந்தி இதழ்களை உதிர்த்துக்கொண்டிருந்தாள். சூசைமாணிக்கம் இதழ்களை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கொடி ஏற்றுவதுதான் கை மாறியது. கட்டுவது இன்னும் அவர் பொறுப்புதான், ஏனென்றால் அது வேறு யாருக்கும் தெரியாது. சுதந்திர தினத்துக்குக் கொடியைக் கம்பத்தின் அடியில் கட்டி மேலே ஏற்றவேண்டும், குடியரசு தினத்துக்கு உச்சியில் கட்டி அங்கேயே விரிக்கவேண்டும். இதைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை எல்லாருக்கும் அவர் வருஷா வருஷம் விளக்கி வந்தார். அவர்களும் வருஷா வருஷம் மறந்து வந்தார்கள்.

கோயில் வாசலில் யாரும் இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, காவியும் பச்சையும் மடிப்புக் கலையாமல், நடுவில் இதழ்களை வைத்துக் கொடியைச் சுருட்டினார். கயிற்றைச் சுற்றினார். வழக்கமாகப் போடுகிற உருவு முடிச்சைப் போட்டார். கொடி உச்சிக்குப் போனதும் சுண்டி ஒரு இழு இழுத்தால் முடிச்சு உருவிக்கொள்ளும், கொடி விரியும், பூ கொட்டும்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டால், நிச்சயமாகப் பரலோகத்திலிருந்து இல்லை என்பார்.

ஒரே ஒரு சுற்று கூடுதலாகப் போட்டால் போதும். உருவு முடிச்சு குருட்டு முடிச்சாகிவிடும். மாதப்பன் இழுப்பார், வராது. இன்னும் இழுப்பார், இன்னும் இறுகும். ஊரே பார்க்கும். அந்த நேரத்தில் பதக்கங்கள் குலுங்க ஹவில்தார் சூசைமாணிக்கம் முன்னால் வருவார், 'தள்ளுங்க' என்பார், கொடியை இறக்கி, சரி செய்து, தன் கையாலேயே ஏற்றுவார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு அடிதடி இல்லை. அந்த ஒரு சுற்றைப் போட்டுவிட்டு, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு உள்ளே போய் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

திருப்பலி தொடங்கியது. ஃபாதர் அமலதாஸ் இளைஞர், பிரசங்கத்தை நீட்ட மாட்டார். நாட்டை நேசிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் பலர் வரைபடத்தைத்தான் நேசிக்கிறார்கள் என்றார் அவர். வரைபடம் எதிர்த்துப் பேசாது, மாட்டை அவிழ்த்துவிடாது, விடிகாலையில் ரேடியோ போடாது. அதில் குடியிருக்கிற ஆள்களை நேசிப்பதுதான் கஷ்டம், ஆனால் சாமி கேட்டது அதைத்தான் என்று முடித்தார். சூசைமாணிக்கத்துக்குப் பிரசங்கம் மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு வரியும் மாதப்பனுக்கே சொன்ன மாதிரி இருக்கிறதே, அந்த ஆள் உள்ளே இல்லாமல் போய்விட்டானே என்றுதான் வருத்தப்பட்டார்.

பிரசங்கத்தின் பிடிக்கு அகப்படாத ஆளை வேறொன்று பிடித்தது. காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, நடக்கப்போவதை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்தார். மாதப்பன் இழுக்கிறார். வரவில்லை. ஊர் சிரிக்கிறது. அதுவரைக்கும் காட்சி இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு கண்ணை உயர்த்தி உச்சியைப் பார்த்தார். அங்கே அவருடைய கொடி, அழுக்குத் துணி மூட்டை மாதிரி, விரிய முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார். பனியில் விரல் மரத்துப்போன இடத்தில்கூட அந்தக் கொடியை மண்ணில் படவிடாமல் பிடித்த கை அது. அதே கைதான் இன்று காலையில் அதன் கழுத்தில் சுருக்குப் போட்டிருக்கிறது.

கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றிய இடம் வந்தபோது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்தது நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிற நேரம். இந்த முடிச்சை வெளியே போட்டு வைத்துக்கொண்டு முன்னே போய் நன்மை வாங்க முடியுமா? பெரிய திருநாளில் வாங்காமல் உட்கார்ந்திருக்கத்தான் முடியுமா? எழுந்தார். ஜனங்கள் முன்னே வர, அவர் மட்டும் பின்னே நடந்தார். பாடகர் குழுவில் அன்பரசி ஒரு கட்டையைத் தப்பாக அமுக்கினாள். பெண்கள் பக்கத்தில் பிலோமினா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கொடி கிடைக்காத கோபத்தில் மனுஷன் மாதாவோடும் சண்டை போட்டுவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

வெளியே கம்பத்தடியில் மாதப்பன் நின்றிருந்தார். சலவை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு. செருப்பைத் தூரத்திலேயே கழற்றி விட்டிருந்தார்.

சூசைமாணிக்கம் அவரைப் பார்க்காத மாதிரி மண்டியிட்டு முடிச்சில் கை வைத்தார். மூன்று மாதத்துப் பழக்கம், வாய் திறக்க வரவில்லை. முடிச்சும் வரவில்லை. புதுக் கயிறு, காலைப் பனியில் நனைந்து நன்றாக இறுகியிருந்தது. நகத்தை நுழைத்தார், நகம் மடங்கியது. கோயிலுக்குள் நன்மைப் பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டது. அவருக்கு வேர்த்தது.

மாதப்பன் எதிரே வந்து குந்தினார்.

"குருட்டு முடிச்சு விழுந்திருக்குதுங்களா?"

சூசைமாணிக்கம் பொய் சொல்ல ஒரு கணம் யோசித்தார். கயிற்றின் மேல் பழி போடலாம், கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் மேல் போடலாம். கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அது வாயில் வரவில்லை.

"விழல. நாந்தான் போட்டேன்."

"தெரியுதுங்க" என்றார் மாதப்பன். "இவ்ளோ இறுக்கமா இந்த ஊர்ல வேற யாரு போடுவாங்க?"

கோபமே இல்லாத குரல். சூசைமாணிக்கத்துக்கு அதுதான் தாங்கவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, இவர் ஒரு பக்கம் தள்ள அவர் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் முடிச்சு இளகியது. இளகிய வேகத்தில் சுருட்டலும் கலைந்து, பாதி இதழ் கீழே கொட்டியது. சூசைமாணிக்கம் பட்டாளத்து வேகத்தில் மறுபடி மடித்தார். மடிப்பைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. "விரல வை" என்றார். மாதப்பன் ஆள்காட்டி விரலை வைத்தார்.

வேலை நடக்கும்போதே மாதப்பன் மெதுவாக ஒன்று சொன்னார். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லையாம். கயிறு எங்கே பிடிப்பது, எப்போது சுண்டுவது, ஒன்றும் தெரியவில்லை. ராஜாவுக்குப் போன் போட்டுக் கேட்டால், பக்கத்து வீட்டில் மிலிட்டரி சாரை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே என்று அவன் திட்டியிருக்கிறான்.

"கேக்கலாம்னுதான் பாத்தேன். நீங்க திரும்பி நடந்துட்டா என்ன பண்றதுன்னு வுட்டுட்டேன்."

சூசைமாணிக்கம் கயிற்றை அவர் கையில் கொடுத்து, இது ஏற்றுகிற பக்கம், இது சுண்டுகிற பக்கம் என்று காட்டினார். மெதுவாக ஏற்ற வேண்டாம், உச்சியில் தட்டியதும் ஒரே சுண்டு, பயப்படாமல் சுண்டு என்றார். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தபோது கோயில் ஜனம் முழுவதும் வாசலில் வந்து நின்றிருந்தது. ஃபாதர் பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் முன்னால் நின்று, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெடியா?" என்று மட்டும் கேட்டார்.

மாதப்பன் இழுத்தார். மூட்டை மேலே போனது. உச்சியில் தட்டியது. ஒரு சுண்டு. கொடி பட்டென்று விரிந்து, மீதி இருந்த சாமந்தி அவர் தலையிலும் ஃபாதர் தலையிலும் கொட்டியது. எல்லாரும் விறைத்து நிற்கும்படி "சாவ்தான்" என்று சூசைமாணிக்கம் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. மாதப்பன் வலது கையில் கயிறு இருந்ததால் இடது கையால் சல்யூட் அடித்தார். வேறு யார் அப்படி அடித்திருந்தாலும் சூசைமாணிக்கம் அங்கேயே திருத்தியிருப்பார். அன்று பார்த்தார், விட்டுவிட்டார். எல்லையில் நிற்கிற மகனை நினைத்துத் தகப்பன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து இவருக்கும் கலங்கியது.

தேசிய கீதம் முடிந்து, பொங்கல் இலைகள் கைக்குக் கை போயின. இருவரும் தேர் நிறுத்தியிருந்த பந்தல் ஓரம் நின்று சாப்பிட்டார்கள். கை நனைந்ததும் சூசைமாணிக்கத்துக்கு மனமும் இளகியது. மூன்று மாதமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"மாதப்பா, போனது போகட்டும். அன்னைக்கி மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

மாதப்பன் பொங்கலில் முந்திரியைத் தேடினார். "வுடுங்கண்ணா. நல்ல நாளு."

விடுகிற ஆளா அவர். மறுபடி கேட்டார்.

"சொன்னேனுங்க" என்றார் மாதப்பன்.

"யாருகிட்ட?"

"உங்ககிட்டதானுங்க."

மே மாதம், மாதா வணக்க மாதம். பிலோமினாவும் அன்பரசியும் சாயங்கால ஜெபத்துக்குக் கோயில் போயிருந்தார்கள். சூசைமாணிக்கம் புழுக் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மாதப்பன் வேலி ஓரம் வந்து, நாளைக்குக் காலையில் மருந்து அடிக்கிறேன், தழையை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். இவர் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டியிருக்கிறார். சரி சரி, போ என்கிற மாதிரி கையையும் அசைத்திருக்கிறார். மாதப்பன் இப்போது அதே மாதிரி கையை அசைத்துக் காட்டினார். அச்சு அசலாக அவர் கைதான்.

"இத ஏன் அப்பவே சொல்லல நீ?"

"சொல்லத்தான் ரெண்டு தரம் வந்தேன். நீங்க நிக்கல. அப்பறம் பாஞ்சாலிதான் வேண்டாம்னுட்டா. சாமி கும்புட்டதாலதான் இப்பிடி ஆச்சுன்னு நான் சொன்னா, உங்க சாமிய நான் கொற சொன்ன மாதிரி ஆயிருமுங்களே."

சூசைமாணிக்கத்தின் கை இலையிலேயே நின்றது. ஞாபகம் வந்துவிட்டது. ஆள் ஞாபகம் வரவில்லை, தொந்தரவுதான் ஞாபகம் வந்தது. ஜெபமாலையின் நாலாவது மணியில் ஏதோ ஒரு குரல் குறுக்கே வந்து பக்தியைக் கெடுத்தது. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, 'ஜெபத்தில் பராக்கு வந்துவிட்டது, ஃபாதர்' என்று சொல்லி மன்னிப்புக்கூட வாங்கியிருந்தார். அந்தப் பராக்கின் பெயர் மாதப்பன்.

வெட்கமாக இருந்தது. இந்த மனுஷன் தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, அடுத்தவன் சாமிக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். நாம் அந்தச் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே அவன் முகத்தில் விழிக்காமல் திரிந்தோமே என்று நினைத்தார்.

திட்டியது நடுத்தெருவில். மன்னிப்பைப் பந்தல் ஓரத்தில் கிசுகிசுத்தால் கணக்குச் சரியாகாது என்று அவருக்குத் தோன்றியது. கிசுகிசுக்க அவருக்கு வரவும் வராது. இலையைக் கீழே வைத்தார். கொடிக்கம்பத்தடிக்கு நடந்து போய், அதே பரேடுக் குரலில் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. மாதப்பன் மருந்தடிக்க முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லியிருக்கறாரு. நாந்தான் காதுல வாங்கல. தப்பு என்னுது."

ஃபாதர் வாயில் பொங்கலோடு அப்படியே நின்றார். முதலில் அசைந்தவள் பிலோமினாதான். கரண்டியை அன்பரசி கையில் திணித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய்ப் பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் சொன்னதும் யாருக்கும் கேட்டிருக்காது. அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. போகிற போக்கில் பிலோமினா புருஷனைப் பார்த்த பார்வையில், வீட்டுக்கு வாங்க, மீதியை அங்கே பேசிக்கலாம் என்று எழுதியிருந்தது.

சூசைமாணிக்கம் திரும்பி வந்து இலையை எடுத்துக்கொண்டார். மாதப்பன் தன் இலையில் கிடைத்த முந்திரியை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

"அண்ணா, ராஜா அடுத்த மாசம் லீவுல வரானுங்க" என்றார் மாதப்பன். "வந்தவுடனே உங்ககிட்ட ஒரு விசயம் பேசணுமாம். எங்கிட்டகூட என்னன்னு சொல்ல மாட்டேங்கறான். நீங்க சரின்னு சொல்லிட்டா போதும், பாக்கிய அவன் பாத்துக்கறானாம்."

பொங்கல் அண்டா பக்கம் ஏதோ கணீரென்று விழுந்தது. அன்பரசி கையிலிருந்த கரண்டி. அவள் அதை எடுக்கக் குனிந்தாள், குனிந்தவள் நிமிரவே இல்லை.

சூசைமாணிக்கத்தின் தலை, இத்தனை வருஷப் பழக்கத்தில், ஆடுவதற்குத் தயாராகிவிட்டது. பாதியில் அதை நிறுத்தினார். இலையைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, மாதப்பனை முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"ராஜா என்ன சொன்னான்? மறுபடி முழுசா சொல்லு மாதப்பா" என்றார்.